அந்த அட்டையில் நாலு வரி ஒழுங்காக எழுதினால் என்ன?

சமகாலக் கலையைக் காட்டும் கேலரிகள் மேல் எனக்குள்ள கோபத்தை இன்றைக்குக் கொட்டித் தீர்த்துவிடுகிறேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கோபம் கலை மேல் இல்லை. "இதையெல்லாம் என் பிள்ளையே கிறுக்கிவிடும்" என்று சொல்கிற கூட்டத்தில் நான் இல்லை. உடைந்த நாற்காலி, ஒரு குவியல் மண், இருட்டறையில் ஓடும் வீடியோ, எதுவானாலும் நின்று பார்க்கிற ஆள் நான். பிடிக்கும் என்பதால்தான் விடுமுறை நாளை ஒதுக்கி, நெரிசலில் நசுங்கி, நகரத்தின் மறுகோடிவரை போகிறேன். என் கோபமெல்லாம், அந்தப் படைப்புகளைக் கொண்டுவந்து வைத்து, விளக்குப் போட்டு, வாசலையும் திறந்துவிட்டு, உள்ளே வருகிறவர்களிடம் ஒரு உருப்படியான வார்த்தை சொல்ல மனமில்லாதவர்கள் மேல்.

படைப்புக்குப் பக்கத்துச் சுவரில் ஒரு சின்ன அட்டை ஒட்டியிருப்பார்களே, அதில் என்ன இருக்கும்? கலைஞரின் பெயர், பிறந்த ஆண்டு. கீழே 'தலைப்பில்லை'. படைத்த ஆண்டு. 'மிக்ஸட் மீடியா, அளவுகள் மாறுபடும்', அதாவது பல பொருள்களைக் கலந்து செய்தது. யாருடைய சேகரிப்பிலிருந்து வந்தது என்ற விவரம். அவ்வளவுதான். கண்ணெதிரே ஒரு அறை நிறையக் கருகிய மரக்கட்டைகள் கிடக்கின்றன. அது என்ன மரம், எங்கே எரிந்தது, தானாக எரிந்ததா, யாராவது எரித்தார்களா, அதை ஏன் இங்கே கொண்டுவந்து போட்டிருக்கிறார்? ஒரு எழுத்து கிடையாது. கடன் கொடுத்த சேகரிப்பாளரின் பெயர் மட்டும் தவறாமல் இருக்கும்.

அந்தக் கொஞ்சத்தையாவது படிக்கும்படி வைக்கிறார்களா? வெள்ளைச் சுவரில் வெளிர் சாம்பல் எழுத்து. அல்லது ஐந்து படைப்புகளுக்கும் சேர்த்து ஒரே அட்டை, அறையின் மூலையில், முழங்கால் உயரத்தில். ஓவியத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து 57 முதல் 60 அங்குல உயரத்தில் இருக்க வேண்டும் என்று அளவுநாடா பிடித்து மாட்டுகிறார்கள், சராசரி மனிதரின் கண்ணுக்கு நேராக வர வேண்டுமாம். அதே கண்தானே அட்டையையும் படிக்கிறது? இது இன்று நேற்று வந்த புகாரும் இல்லை. 1916-லேயே பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தின் செயலாளர் பெஞ்சமின் ஐவ்ஸ் கில்மன், ஒரு மனிதரைக் காட்சிக் கூடத்தில் நடக்கவிட்டு, பொருள்களையும் குறிப்புகளையும் பார்க்க அவர் எப்படியெல்லாம் குனிகிறார், குந்துகிறார், கழுத்தைத் திருப்புகிறார் என்று புகைப்படமாக எடுத்து வெளியிட்டார். பார்வையாளரின் களைப்புக்குக் காரணம் வைத்திருக்கும் விதம்தான் என்று அப்போதே காட்டிவிட்டார். நூறு வருடம் தாண்டியும் என் அம்மா வயதுள்ள ஒருவர் மூக்குக்கண்ணாடியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சுவரோடு சுவராகக் குனிந்து நிற்பதைப் பார்க்க வேண்டியிருக்கிறது. பார்க்கவே வயிறு எரிகிறது.

சரி, நுழைவாயிலில் பெரிதாக ஒரு பத்தி எழுதியிருக்கிறதே, அதைப் படிக்கலாம் என்று போனால் அது இன்னும் கொடுமை. இடம் என்கிற கருத்தாக்கத்தை விசாரணைக்கு உட்படுத்துகிறதாம், இருப்புக்கும் இன்மைக்கும் நடுவிலுள்ள பதற்றத்தை வெளிக்கொணர்கிறதாம், பார்வையாளரின் உடலை மறுவரையறை செய்கிறதாம். அந்தப் பத்தியைக் கழற்றிப் பக்கத்து அறையில் ஒட்டினாலும் அப்படியே பொருந்தும். என் சந்தேகம் சரிதான் என்று காட்டுகிற மாதிரி, 2012-இல் அலிக்ஸ் ரூல், டேவிட் லெவின் என்ற இருவர் ஒரு கட்டுரை எழுதினார்கள். கலை அறிவிப்புகளை மின்னஞ்சலில் அனுப்பும் இ-ஃப்ளக்ஸ் என்ற சேவை வழியாகப் பல ஆண்டுகளாக வந்து குவிந்த கண்காட்சி அறிவிப்புகளைத் தொகுத்து, அந்த மொழி எப்படி வேலை செய்கிறது என்று அலசினார்கள். எளிய சொல்லை இழுத்துக் கனமான பெயர்ச்சொல்லாக மாற்றுவது, ஒரு சொல் போதுமான இடத்தில் மூன்றை அடுக்குவது என்று அதன் பழக்கங்களைப் பிட்டுப் பிட்டு வைத்தார்கள். கலை உலகமே அதைப் பற்றிப் பேசியது. பேசிவிட்டு மறுபடி அதே மாதிரி எழுதப் போய்விட்டது.

ஒரு அட்டையில் என்ன பெரிதாக இருந்துவிடப் போகிறது என்று கேட்பவர்களுக்காக ஒன்றைச் சொல்கிறேன். ஃபெலிக்ஸ் கொன்சாலஸ்-டோரஸ் என்ற கலைஞர் 1991-இல் செய்த ஒரு படைப்பு. மூலையில் பளபளக்கும் காகிதம் சுற்றிய மிட்டாய்கள் குவிந்திருக்கும். வருகிறவர்கள் ஆளுக்கொன்று எடுத்துக்கொள்ளலாம். குவியலின் எடை 175 பவுண்டு, கிட்டத்தட்ட 79 கிலோ என்று குறித்திருக்கிறார். விவரம் தெரியாமல் பார்த்தால் மிட்டாய். கலைஞரின் காதலர் ராஸ் லேகாக் அதே 1991-இல் எய்ட்ஸால் இறந்தார் என்று தெரிந்துகொண்டு பாருங்கள். ஆட்கள் எடுக்க எடுக்கக் குவியல் மெலிகிறது, ஒரு உடல் உருகிக் கரைகிற மாதிரி. பிறகு அதை மீண்டும் நிரப்பலாம். மனிதரை அப்படி நிரப்ப அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை. இதைத் தெரிந்துகொண்டபின் அந்த மிட்டாயை வாயில் போடுவதும், தெரியாமல் போடுவதும் ஒன்றா?

2022-இல் சிகாகோ ஆர்ட் இன்ஸ்டிட்யூட்டில் அந்தப் படைப்பின் பக்கத்தில் இருந்த குறிப்பில் ராஸ் யார் என்பதும் இல்லை, எய்ட்ஸும் இல்லை. எடை ஒரு சராசரி ஆணின் எடைக்குச் சமம் என்கிற மாதிரி மட்டும் இருந்தது. பார்த்தவர்கள் கொதித்துப் போனார்கள், சமூக ஊடகங்களில் பெரிய எதிர்ப்பு எழுந்தது. பிறகு குறிப்பைத் திருத்தி ராஸ் யார் என்பதையும் நோயையும் சேர்த்தார்கள். சில வரிகள்தான். அந்தச் சில வரிகளை எடுத்தபோது ஒரு மனிதரின் மரணத்தையே அறையிலிருந்து அப்புறப்படுத்திவிட்டார்கள். பெயர்பெற்ற இடத்தில் நடந்ததால் ஊருக்குத் தெரிந்தது. கேட்க நாதியில்லாத சிறு கேலரிகளில் இப்படி எத்தனை பேருடைய கதை 'தலைப்பில்லை' என்ற ஒற்றைச் சொல்லுக்குள் புதைந்து கிடக்கிறதோ, யார் கண்டது.

இதைக் கேட்டால் ஒரு பதில் தயாராக வைத்திருப்பார்கள். "விளக்கம் சொன்னால் அனுபவம் கெட்டுவிடும், நீங்களே உணருங்கள்." நான் விளக்கமா கேட்டேன்? இதற்கு இதுதான் அர்த்தம் என்று எனக்குப் பாடம் எடுக்கச் சொல்லவில்லை. என்ன நடந்தது என்ற தகவலைத்தான் கேட்கிறேன். மார்செல் டுஷாம்ப் என்ற கலைஞர் 1917-இல் ஒரு சிறுநீர்க் கோப்பையில் 'ஆர். மட்' என்று புனைபெயரில் கையெழுத்திட்டு நியூயார்க் கண்காட்சிக்கு அனுப்பினார். கட்டணம் கட்டிய எவருடைய படைப்பையும் ஏற்போம் என்று அறிவித்திருந்த அமைப்பு அது. அப்படியிருந்தும் கோப்பையைக் காட்சிக்கு வைக்கவில்லை. இந்த விஷயம் தெரிந்தால்தானே அங்கே ஒரு சண்டை நடந்திருக்கிறது என்றே புரியும்? முதலில் அனுப்பிய கோப்பை தொலைந்துபோய், இன்று அருங்காட்சியகங்களில் நாம் பார்ப்பவை பெரும்பாலும் 1964-இல் அவர் சம்மதத்தோடு செய்த பிரதிகள் என்பதும் தெரிய வேண்டாமா? தெரிந்தால் என் அனுபவம் கெட்டா போகிறது? கூடத்தான் செய்கிறது.

க்யூஆர் கோடு ஒட்டியிருக்கிறோமே என்பது அடுத்த பதில். உள்ளே சிக்னல் இருக்காது. கிடைத்துத் திறந்தால் வாசலில் படித்த அதே பத்தி.

வீடியோ அறைகளைப் பற்றி நினைத்தாலே கோபம் இன்னும் ஏறுகிறது. கறுப்புத் திரையை விலக்கி உள்ளே போனால் படம் நடுவில் ஓடிக்கொண்டிருக்கும். எவ்வளவு நேரப் படம், எப்போது தொடங்கியது, மறுபடி எப்போது தொடங்கும், எதுவும் வாசலில் இருக்காது. நான் பார்ப்பது தொடக்கமா முடிவா என்று தெரியாமலே நிற்க வேண்டும். கிறிஸ்டியன் மார்க்லே என்ற கலைஞர் 2010-இல் செய்த 24 மணி நேரப் படைப்பு ஒன்று உண்டு. திரைப்படங்களில் கடிகாரம் வரும் காட்சிகளைக் கோத்து, வெளியே மணி என்னவோ அதுவே திரையிலும் வரும்படி அமைத்தது. அதில் எப்போது நுழைந்தாலும் சரிதான், அப்படி நினைத்தே செய்திருக்கிறார். எல்லாப் படமும் அப்படியா? தொடக்கமும் முடிவும் யோசித்துப் பல மாதம் உழைத்து ஒருவர் எடுத்த 40 நிமிடப் படத்தை, பாதியில் நுழைந்து பாதியில் போகும்படி வைப்பது அந்தக் கலைஞருக்குச் செய்கிற அவமானம். உட்கார பெஞ்சும் கிடையாது. இருந்தால் இரண்டு பேருக்கு மேல் இடமிருக்காது.

கேட்டால், மக்களுக்குப் பொறுமை இல்லை என்று நம் மேல் பழி. நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் எடுத்து 2001-இல் வெளியான ஆய்வில், ஒரு படைப்பின் முன் பார்வையாளர் நிற்கும் சராசரி நேரம் 27.2 விநாடி என்று வந்தது. சிகாகோவில் பிறகு செய்து 2017-இல் வெளியிட்ட ஆய்விலும் அரை நிமிடத்தைத் தாண்டவில்லை. இந்த எண்ணை எடுத்து வந்து நம்மைத் திட்டுகிறவர்கள் கொஞ்சம் யோசிக்கட்டும். உட்கார இடமில்லை, தகவல் இல்லை, கிடைக்கிற குறிப்பும் புரியவில்லை. எதைப் பிடித்துக்கொண்டு ஒருவர் ஐந்து நிமிடம் நிற்பார்?

எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்பதையாவது சொல்கிறார்களா? கார்ல் ஆந்த்ரே என்ற சிற்பி தரையில் பரப்பிய உலோகத் தகடுகள் மேல் பார்வையாளர் நடக்கலாம் என்பது அவருடைய எண்ணத்திலேயே இருந்தது. அது தெரியாத மக்கள் சுற்றிச் சுற்றிப் போவார்கள். இன்னொரு அறையில் அதே மாதிரித் தகட்டில் தெரியாமல் கால் வைத்தால் காவலர் ஓடி வருவார். ஒரு முறை என்னோடு வந்த என் அக்கா, நூல் உருண்டைகள் தொங்கிய ஒரு அறையில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டே நடந்தார். அவற்றைத் தொட்டு நகர்த்துவதற்காகத்தான் கட்டியிருக்கிறார்கள் என்று வெளியே வரும்போது காவலர் சொன்னார். அட்டையில் இல்லாததை அந்த மனிதர்தான் சொன்னார். தினமும் அங்கேயே நின்று, கலைஞர் வந்து கட்டியபோது பக்கத்தில் இருந்து கேட்டுத் தெரிந்துகொண்டாராம். கண்காட்சியைத் தொகுக்கிற எந்தக் கியூரேட்டர் எழுதியதிலும் கிடைக்காத விவரம் அவருடைய ஐந்து வாக்கியத்தில் கிடைத்தது. அக்கா திரும்ப உள்ளே போகப் பார்த்தார், மூடும் நேரம் என்று மறுத்துவிட்டார்கள். இனிமேல் கூப்பிடாதே என்று என்னிடம் சொல்லிவிட்டார். அவரை நான் என்ன சொல்லித் தேற்றுவது?

கேலரி நடத்துகிறவர்களே, அந்தக் காவலரிடம் போய்க் கேளுங்கள். மக்கள் அவரிடம் தினமும் என்னென்ன கேட்கிறார்கள் என்று எழுதிக்கொள்ளுங்கள். அந்தக் கேள்விகளுக்கான பதிலைப் பெரிய கறுப்பு எழுத்தில், கண்ணுக்கு நேராக, நாலு வரியில் ஒட்டுங்கள். வீடியோ அறை வாசலில் படம் எத்தனை நிமிடம், அடுத்து எப்போது தொடங்கும் என்று எழுதி வையுங்கள். உள்ளே இன்னும் இரண்டு பெஞ்ச் போடுங்கள். இதற்கெல்லாம் புது நிதி வேண்டாம், குழு கூட வேண்டாம், நாளைக்குக் காலையில் கதவைத் திறப்பதற்கு முன் செய்துவிடலாம்.