சிரிச்சு முடிச்சாச்சா?

எல்லாரும் எழுதி ஓயட்டும் என்று காத்திருந்தேன். ஓய்ந்த மாதிரி தெரியவில்லை. நேற்று ராத்திரி கூட ஒருத்தர் அதே துண்டு வீடியோவைப் புதுப் பாட்டோடு அனுப்புகிறார்.

எந்த வீடியோ என்று நான் விளக்கப்போவதில்லை. உங்கள் போனில் நாலு குரூப்பிலாவது வந்திருக்கும். அந்த டாக்டரம்மா, விதையில் வருகிற புற்றுநோயைப் பற்றிக் காலேஜ் பையன்களுக்கு முன்னால் அரை மணி நேரம் பேசினார். நீங்கள் பார்த்தது சில நொடி. ரப்பர் மாடலைக் கையில் வைத்து விரலால் உருட்டிக் காட்டுகிற இடம் மட்டும். பின்னணியில் மேளம். "யாருடைய மனமாவது புண்பட்டிருந்தால் வருந்துகிறோம்" என்று கல்லூரி நிர்வாகம் அறிக்கை விட்டு, முழு வீடியோவையும் தூக்கிவிட்டது. முழுசாக இருந்தது போய்விட்டது, துண்டு மட்டும் ஊர் சுற்றுகிறது. நல்ல நிர்வாகம்.

நான் டாக்டர் இல்லை, பி.டி. வாத்தியார். வேலூர்ப் பக்கம் பையன்களை ராணுவத்துக்கும் போலீஸுக்கும் தயார் செய்கிறவன். கம்மவான்பேட்டை மாதிரி வீட்டுக்கு வீடு பட்டாளத்துக்கு ஆள் அனுப்பிய ஊர் இருக்கிற பக்கம் இது. காலையில் 1600 மீட்டர், அப்புறம் பீமில் தொங்கி உடம்பைத் தூக்குவது, அப்புறம் லாங் ஜம்ப். இதெல்லாம் தேறினாலும் கடைசியில் மெடிக்கல் என்று ஒன்று உண்டு. அங்கே ராணுவ டாக்டர் டிரஸ்ஸைக் கழற்றச் சொல்லி, விதைப்பையைத் தொட்டுப் பார்த்து, "இருமு" என்பார். குடலிறக்கம், ஓதம் என்கிற நீர்க்கோவை, வெரிகோசில் என்கிற நரம்புப் புடைப்பு, இறங்காத விதை எல்லாவற்றையும் அங்கே பார்ப்பார்கள். என் பையன்களில் முக்கால்வாசிப் பேரை அந்த இடத்தில் ஒரு டாக்டர் தொட்டுப் பார்ப்பதே வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

அந்த மெடிக்கலுக்கு முந்தின வாரம் வந்து என்ன கேட்பான் தெரியுமா? "சார், வெரிகோசில் இருந்தா தூக்கிடுவாங்களாமே, முன்னாடியே ஆபரேஷன் பண்ணிடட்டுமா?" வட்டிக்குக் கடன் வாங்கி ஆபரேஷன் செய்துகொண்டு வந்து நிற்பான். வேலைக்கு என்றால் காட்டுவான், அறுக்கவும் விடுவான். உயிருக்கு என்றால் மட்டும் கூச்சம் வந்துவிடும்.

அந்த டாக்டரம்மா சொன்னது இவ்வளவுதான். சுடுதண்ணியில் குளித்த பிறகு ஒவ்வொரு விதையையும் கட்டைவிரலுக்கும் மற்ற விரல்களுக்கும் நடுவில் மெதுவாக உருட்டிப் பார். வழவழப்பாக இருக்கணும். ஒன்று கொஞ்சம் பெரிசாக இருக்கலாம், ஒன்று கொஞ்சம் கீழே தொங்கலாம், அது இயல்பு. பின்பக்கம் மிருதுவாக ஒரு குழாய்ப் பகுதி தட்டுப்படும், விந்தணு சேர்கிற இடம், அது எல்லாருக்கும் உண்டு. விதையிலேயே கெட்டியாகப் பட்டாணி அளவு ஏதாவது தட்டுப்பட்டால், அல்லது ஒரு பக்கம் முன்பை விடப் பெருத்தோ கனத்தோ இருந்தால், டாக்டரிடம் போ. வலிக்கவில்லை என்று விட்டுவிடாதே, ஏனென்றால் அந்தக் கட்டி பெரும்பாலும் வலிக்காது.

இதில் எந்த வரி ஆபாசம்?

வலிக்காது என்பதுதான் இங்கே முழுப் பிரச்சினை. நம் பையன்களுக்கு வலி வந்தால்தான் நோய். கிரவுண்டில் கணுக்கால் பிசகினால் ஊரைக் கூட்டுவான். வலிக்காத கட்டியை வருஷக்கணக்கில் லுங்கிக்குள் வைத்திருப்பான்.

ஒரு பையனைப் பற்றிச் சொல்கிறேன். அவனிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். அடையாளம் தெரியாதபடி சிலதை மாற்றியிருக்கிறேன், யாரென்று தேடாதீர்கள். 400 மீட்டரில் நல்ல ஓட்டக்காரன். திடீரென்று வேகம் குறைய ஆரம்பித்தது. கேட்டால், "தொடை இழுக்குது சார்" என்பான். கிரிக்கெட்டில் பந்து பட்டதாம், அதனால் வீக்கமாம். அவன் அப்பாவுக்குத் தெரிந்திருக்கிறது. அவர் பார்வையில் அது ஓதம், அவர் தாத்தாவுக்கும் இருந்ததாம். பச்சிலைப் பத்து போட்டார்கள். அப்புறம் பையனே யாருக்கும் தெரியாமல், லாட்ஜில் ரூம் போட்டு வைத்தியம் பார்க்கிற ஒரு ஆளிடம் போயிருக்கிறான். அந்த ஆள் அவனிடம் கேட்ட முதல் கேள்வியே கைப்பழக்கம் பற்றித்தான். பயந்து போய் லேகியத்தை வாங்கிக்கொண்டு வந்துவிட்டான். கட்டி அது பாட்டுக்கு வளர்ந்தது.

கடைசியில் ராணுவ மெடிக்கலில்தான் மாட்டினான். அன்ஃபிட் என்று எழுதிய அந்த டாக்டர் அதோடு விடவில்லை. தனியாகக் கூப்பிட்டு, "ஊருக்குப் போய்ப் படுக்காதே, நேரா ஸ்கேன் எடு" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். அந்த மனுஷன் எங்கிருந்தாலும் நல்லா இருக்கட்டும்.

அப்போது ஆஸ்பத்திரி வராந்தாவில் கற்றுக்கொண்டதுதான் இதெல்லாம். பந்து பட்டதால் புற்றுநோய் வராது. அடிபட்ட இடத்தைத் தடவிப் பார்க்கும்போது ஏற்கெனவே இருக்கிற கட்டி கையில் தட்டுப்படும், அவ்வளவுதான். முதலில் அல்ட்ராசவுண்ட், பிறகு ரத்தத்தில் ஏஎஃப்பி, பீட்டா எச்சிஜி, எல்டிஎச் என்ற மூன்றின் அளவைப் பார்ப்பார்கள். அந்த எச்சிஜி பெண்களுக்குக் கர்ப்பமா என்று பார்க்கிற அதே ஹார்மோன். இதைச் சொன்னபோது அந்த நிலைமையிலும் பையன், "சார், வெளியே சொல்லிடாதீங்க" என்று சிரித்தான். விதைப்பையில் ஊசி குத்தி எடுத்துப் பார்க்க மாட்டார்கள், பரவிவிடும் என்கிற பயம். அடிவயிற்றுக்குக் கீழே, தொடை மடிப்புக்கு மேலே கீறி, அந்த வழியாக முழு விதையையும் எடுத்துவிடுவார்கள். மிச்சம் இருக்கிற ஒன்று நன்றாக இருந்தால் ஆண்மைக்கும் குழந்தைக்கும் அதுவே போதும். கீமோவுக்கு முன்னால் விந்தணுவைச் சேமித்துவைக்கவும் வழி உண்டு.

அவனுக்கு வயிற்றுக்குள் நிணநீர்க் கணுக்களில் பரவியிருந்தது. கீமோ கொடுத்தார்கள். புருவம் கூட உதிர்ந்தது. இன்றைக்கு நன்றாக இருக்கிறான், வேலை பார்க்கிறான். அமெரிக்கக் கணக்கில் இந்த நோய் வந்தவர்களில் 100-க்கு 95 பேர் ஐந்து வருஷம் தாண்டி இருக்கிறார்கள். 1974-ல் அமெரிக்காவின் இண்டியானாவில் லாரன்ஸ் ஐன்ஹார்ன் என்ற டாக்டர் சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்தைச் சேர்த்துக் கொடுத்துப் பார்க்கும் வரை, பரவிய பிறகு பிழைத்தவர்கள் குறைவு. இப்போது மருந்து இருக்கிறது. யுவராஜ் சிங்குக்கு வந்தது இதே குடும்பத்துக் கட்டிதான். அவருக்கு இரண்டு நுரையீரலுக்கும் நடுவில் இருந்தது. 2011 உலகக் கோப்பையில் நம்ம சேப்பாக்கத்தில் வாந்தி எடுத்துக்கொண்டே 113 அடித்தாரே, ஞாபகம் இருக்கிறதா? அப்புறம் அதே ஐன்ஹார்னிடம்தான் போனார், 2012-லேயே இந்திய அணிக்குத் திரும்பி வந்தார். சைக்கிள்காரர் லான்ஸ் ஆர்ம்ஸ்ட்ராங்குக்கு வந்தது விதையிலேயே. வீக்கத்தைக் கண்டுகொள்ளாமல் விட்டு, இருமலில் ரத்தம் வந்த பிறகுதான் போனார். அதற்குள் நுரையீரல், மூளை வரைக்கும் போயிருந்தது. அப்படியும் பிழைத்தார். (ஊக்கமருந்து எடுத்து ஊரை ஏமாற்றியவர் என்பது எனக்கும் தெரியும், அந்தப் பஞ்சாயத்தை இங்கே கொண்டுவராதீர்கள்.)

பிழைக்கவைக்க மருந்து இருக்கிற நோய். கெடுப்பது கூச்சம். கூச்சத்தை வளர்ப்பது உங்கள் மீம். இதை எத்தனை தடவை வேண்டுமானாலும் சொல்வேன்.

இனி அறிவாளிகளுக்கு வருகிறேன்.

"இந்தியாவில் இது அபூர்வம் சார், தேவையில்லாமல் பயமுறுத்துகிறீர்கள்." ஒப்புக்கொள்கிறேன். நார்வே, டென்மார்க் பக்கம்தான் அதிகம். நமக்கு லட்சத்துக்கு ஒருத்தருக்கும் கீழே. அந்த ஒருத்தன் என் கிரவுண்டில் ஓடினான், நான் என்ன செய்ய?

என் டாக்டர் நண்பர் ஒருவர் மரியாதையாகவே எழுதியிருந்தார். அறிகுறி இல்லாதவர்கள் இதைத் தேடிச் சோதிக்க வேண்டாம் என்று அமெரிக்காவின் நோய்த்தடுப்பு நிபுணர் குழுவே 2011-ல் சொல்லியிருக்கிறதாம். நோய் அபூர்வம், பிந்திக் கண்டுபிடித்தாலும் பெரும்பாலும் குணமாகிறது, வீண் பயமும் வீண் ஸ்கேனும்தான் மிச்சம் என்பது அவர்கள் வாதம். சரி. மாதாமாதம் காலண்டரில் குறித்துவைத்துப் பார்க்க வேண்டாம். தன் உடம்பு எப்படி இருக்கும் என்று தெரிந்துவைத்துக்கொள்ளாதே என்று யாராவது சொன்னார்களா? தட்டுப்பட்டால் மறைத்துவை என்று சொன்னார்களா? வீண் பயம் இல்லாமல் இல்லை. வீடியோ வந்த அன்றிலிருந்து ராத்திரியில் எனக்கு போன். "சார், பின்னாடி ஏதோ இருக்கு." அது எல்லாருக்கும் இருக்கிறது என்று சொல்லிப் பார்த்தேன். ஒருத்தன் கேட்கவேயில்லை. கூகுளைப் படித்துவிட்டுச் சாப்பிடாமல் கிடந்தான். கூட்டிப்போய் ஸ்கேன் எடுத்தோம். ஒன்றும் இல்லை. வெளியே வந்து ரெண்டு பிளேட் பரோட்டா சாப்பிட்டான். இந்தப் பயம் ஒரு ஸ்கேனோடு முடிந்தது. லேகியம் வாங்கினவன் பயம் எதில் முடிந்தது என்று மேலே எழுதியிருக்கிறேன்.

"பொம்பளை டாக்டர் எதுக்கு இதைப் பேசணும்?" இதைக் கேட்டவர் பெரிய மனுஷன், எனக்குச் சொந்தமும் கூட. மாமா, உங்களுக்கு பைபாஸ் நடந்தபோது பத்து நாள் டியூப் மாற்றி, துடைத்து, சுத்தம் செய்தது யார்? நர்ஸம்மா. அப்போது உங்கள் கலாச்சாரம் லீவில் இருந்ததா? நம் ஊரில் ஆண் குழந்தை பிறந்தால், விதை ரெண்டும் இறங்கியிருக்கிறதா என்று முதலில் கவனிப்பது குளிப்பாட்டுகிற பாட்டிதான். (இறங்காவிட்டால் ஒன்றரை வயசுக்குள் ஆபரேஷன் செய்து இறக்கணும். விட்டால் பிற்காலத்தில் இந்தப் புற்றுநோய்க்கு வாய்ப்பு கூடும். பேரன் பேத்தி எடுத்தவர்கள் இதையாவது கேட்டுவையுங்கள்.) மூணு வயசுப் பையன் அம்மணமாக ஓடினால், "காக்கா கொத்திட்டுப் போயிடும்" என்று தெருவே கேலி செய்யும். அதெல்லாம் பண்பாடு. அவனுக்கே இருபது வயசில் ஒரு டாக்டர் சொன்னால் பண்பாடு கெட்டுவிடும்.

"ஜாலியா எடுத்துக்குங்க சார்." எடுத்துக்கொள்கிறேன். கிரிக்கெட் ஆடப் போகும்போது, "எல்-கார்டு எங்கேடா" என்று மைதானம் முழுக்கக் கேட்கிற மாதிரி கத்துவீர்களே, அதை நான் ஜாலியாகத்தான் எடுத்துக்கொள்வேன். பந்திலிருந்து அந்த இடத்தைக் காப்பாற்ற மட்டும் கூச்சமே கிடையாது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், மனசில் ரொம்ப நாளாகக் கிடக்கிறது. பள்ளிக்கூடத்தில் பெண் பிள்ளைகளுக்கு உடம்பைப் பற்றி வகுப்பு எடுக்க யாராவது வருவார்கள். நல்ல விஷயம், கட்டாயம் வேண்டும். அந்த நேரத்தில் பையன்களை என்ன செய்வார்கள்? "பி.டி. சார், இவங்களை கிரவுண்டுக்குக் கூட்டிட்டுப் போங்க." அவ்வளவுதான் அவர்களுக்கான உடல்நலக் கல்வி. அவர்களுக்கும் உடம்பு இருக்கிறது என்று ஒரு அறிவியல் ஆசிரியரும் வாயைத் திறந்ததில்லை. மற்ற நாட்களில் பி.டி. பீரியடையே கணக்கு வாத்தியார் கடன் வாங்கிக்கொள்வார், திருப்பித் தந்த சரித்திரம் இல்லை. உடம்பை ஒரு பாடமாகவே மதிக்காத இடத்தில் படித்துவிட்டு வந்தவன் மீம் போடாமல் என்ன போடுவான் என்றும் ஒரு பக்கம் தோன்றுகிறது. ஆனால் அதற்காக விட்டுவிட முடியவில்லை. ஏனென்றால் எங்கள் கிரவுண்ட் குரூப்பிலும் அந்தத் துண்டு வந்தது. போட்டவன் நான் ஷூ வாங்கிக் கொடுத்து ஓடவைத்த பையன். கீழே வரிசையாகச் சிரிப்பு எமோஜி.

கட்டி வந்து பிழைத்த அந்த 400 மீட்டர் பையனும் அதே குரூப்பில்தான் இருக்கிறான். கூட ஓடினவர்களுக்கு அவன் ஆபரேஷன் கதை தெரியாது, "மஞ்சள் காமாலை" என்றுதான் சொல்லிவைத்திருக்கிறான். கல்யாணப் பேச்சு போய்க்கொண்டிருக்கிறது, தெரிந்தால் என்ன ஆகும் என்ற பயம். "ஒத்தைக் கொட்டை" என்று ஒருத்தன் கமெண்ட் போட்டான், அதுதான் அங்கே பெரிய ஹிட். அதற்குக் கீழே இவனும் ஒரு சிரிப்பு எமோஜி போட்டான். போடாவிட்டால் யாருக்காவது சந்தேகம் வந்துவிடுமாம். ராத்திரி எனக்கு போன் செய்து அவனே சொன்னான்.

போட்ட பையனைத் திட்டவில்லை, டெலிட் செய்யத்தான் சொன்னேன். "என்ன சார், நீங்களுமா பூமர் ஆயிட்டீங்க" என்றான். ஆயிட்டேன்டா. தலையில் எழுதி ஒட்டிக்கொள்.

அந்தக் கல்லூரி நிர்வாகத்துக்கு: வருத்தம் தெரிவித்தீர்களே, அந்த டாக்டரம்மாவிடம் தெரிவித்தீர்களா? முழு வீடியோவை மறுபடி போடுங்கள். கமெண்ட் பெட்டியைப் பூட்டிவிட்டே போடுங்கள், பரவாயில்லை.

இன்பாக்ஸில் கேட்கிற தம்பிகளுக்கு: திடீரென்று உயிர் போகிற மாதிரி ஒரு பக்கம் வலித்தால் அது வேறு விஷயம், விதை முறுக்கிக்கொண்டிருக்கலாம். ஆறு மணி நேரத்துக்குள் ஆஸ்பத்திரியில் இருக்கணும். விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள், அப்போது மட்டும் நடுராத்திரியானாலும் கூப்பிடுங்கள், நானே வண்டி எடுத்துக்கொண்டு வருகிறேன். மற்ற சந்தேகத்துக்குப் பத்து மணிக்கு மேல் போன் செய்யாதீர்கள், வீட்டில் முழித்துக்கொள்கிறார்கள். காலை ஆறிலிருந்து கிரவுண்டில்தான் இருப்பேன். தனியாகப் பேசணும் என்றால் லாங் ஜம்ப் பிட் பக்கம் வந்து நில்லுங்கள்.