முதுகு ஆபரேஷனுக்குப் பிறகும் வலி இருந்தாலே டாக்டர் தப்பா?

"முதுகுத்தண்டு ஆபரேஷன் முடிந்து மூன்று மாதத்திலும் வலி இருந்தால் டாக்டர் தவறுதான், புகார் கொடுத்தாலே நஷ்டஈடு" என்று வாட்ஸ்அப்பில் சுற்றுவது சரியில்லை. ஆபரேஷன் ஒழுங்காக நடந்திருந்தாலும் தழும்புத் திசு, மறுபடி பிதுங்கிய டிஸ்க், ரொம்ப நாள் நசுங்கிக் கிடந்த நரம்பு என்று வலி தொடரக் காரணங்கள் உண்டு. பலன் கிடைக்காதது மட்டுமே அலட்சியம் ஆகாது என்பதை ஜேக்கப் மேத்யூ வழக்கில் (2005) உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது, தீர்ப்பு அதன் இணையதளத்தில் இருக்கிறது, படித்துப் பாருங்கள்.

அதற்காக டாக்டர்கள் தப்பே செய்வதில்லை என்றில்லை. சந்தேகமிருந்தால் சிகிச்சை ஆவணங்களை எழுதிக் கேளுங்கள், 72 மணி நேரத்தில் தர வேண்டும் என்பது மருத்துவ கவுன்சிலின் 2002 விதி. அப்புறம் வேறொரு நிபுணரிடம் காட்டுங்கள். நுகர்வோர் ஆணையத்துக்குப் போக பொதுவாக 2 வருடம்தான் அவகாசம்.

அந்த மெசேஜை இனி யாருக்கும் அனுப்பாதீர்கள்.