தரியா தௌலத்துக்கு பத்து நிமிஷம் பத்தாதுங்க

மைசூர் ட்ரிப் போற நம்மாளுங்க ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு ஒதுக்குறது மிஞ்சிப் போனா ஒரு மணி நேரம். ரங்கநாதரைக் கும்பிட்டு, திப்பு செத்த இடம்னு ஒரு கல்லு முன்னாடி செல்ஃபி எடுத்துட்டு, வேன்ல ஏறிடுவோம். நானும் ரெண்டு தடவை அப்படித்தான் போனேன், திருச்சிக்காரனா இருந்துட்டு, ஆதிரங்கம்னு சொல்ற இந்த ஊர்ல இறங்கி நின்னு பாக்கலைங்கறது இப்ப நினைச்சாலும் வெட்கமா இருக்கு.

போன மாசம் தனியா போனேன். கோட்டைக்கு வெளியே, காவிரிக் கரையோரமா இருக்குற தரியா தௌலத் தோட்டத்துலயே பாதி நாள் போயிடுச்சு. 1784ல திப்பு கட்டி முடிச்ச கோடை மாளிகை. பெரும்பாலும் தேக்கு. வெயில் பட்டு ஓவியம் வெளுக்கக் கூடாதுன்னு சுத்தி பச்சை மறைப்பு தொங்க விட்டிருக்காங்க, அதனால தூரத்துல பாத்தா ஏதோ மூடிப்போட்ட குடோன் மாதிரி இருக்கும், ஏமாந்துடாதீங்க.

உள்ள மேற்குச் சுவர்ல இருக்கறது நம்ம ஊரு சண்டைங்க! காஞ்சிபுரம் பக்கத்துல புள்ளலூர், 1780 செப்டம்பர் 10. (மகேந்திர பல்லவனும் புலிகேசியும் மோதினதும் அதே புள்ளலூர்தான், அந்த ஊருக்கு என்ன ராசியோ.) கும்பினிப் படை (கிழக்கிந்தியக் கம்பெனிப் படை) சதுரமா வியூகம் கட்டி நிக்குது, நடுவுல வெடிமருந்து வண்டி வெடிக்குது, தளபதி பெய்லி பல்லக்குல உக்காந்து விரலைக் கடிச்சுக்கிட்டு இருக்கான். இந்தப் பக்கம் திப்பு அலட்டிக்காம ரோஜாவை மோந்து பாத்துக்கிட்டு வர்றாரு. வரைஞ்ச ஆளுக்கு நக்கல் ஜாஸ்தி.

அந்தச் சண்டைல பிடிபட்டவங்கள்ல டேவிட் பேர்ட்னு ஒருத்தன், மூணு வருஷத்துக்கு மேல இதே ஸ்ரீரங்கப்பட்டணத்துல சிறைல கிடந்தவன். 1799 மே 4, திப்பு செத்த அன்னைக்கு, காவிரில வெள்ளம் வர்றதுக்கு முன்னாடி முடிச்சுடணும்னு கணக்குப் போட்டு மத்தியான வெயில்ல ஆத்தைக் கடந்து கோட்டைக்குள்ள கும்பினிப் படையை நடத்திட்டுப் போனதும் அவனேதான். ஆனா ஊரோட பொறுப்பு கிடைச்சது ஆர்தர் வெல்லெஸ்லிக்கு, பின்னாடி வாட்டர்லூல நெப்போலியனை ஜெயிச்சாரே அவரு. அவரு குடியிருக்கப் பிடிச்ச இடம் இந்தத் தோட்ட மாளிகை.

என்னைக் கேட்டா இது தப்பிச்சதுக்குக் காரணமே அதுதான். ஜெயிச்சவனுக்கு இது வசதியா இருந்துச்சு. ஓவியத்தை அவரும் சரி பண்ண வச்சாரு, அப்புறம் கவர்னர் ஜெனரல் டல்ஹௌசி ஒரு தடவை திருப்பி வரைய வச்சாரு, தங்களோட தோல்வியைத் தாங்களே காசு போட்டுப் புதுப்பிச்சிருக்காங்க பாருங்க. ஸ்ரீரங்கப்பட்டணம் காவிரி நடுவுல ஒரு தீவு, அதோட கிழக்குக் கோடில இருந்த லால் பாக் தோட்ட மாளிகைக்கு அந்த அதிர்ஷ்டம் இல்ல. 1792 முற்றுகைலயே அங்க இருந்த சைப்ரஸ் மரங்களை வெட்டி முற்றுகை வேலைக்கு எடுத்துக்கிட்டாங்க, மாளிகையை ஆஸ்பத்திரி ஆக்குனாங்க. இப்ப அங்க திப்புவோட அப்பா ஹைதரும் திப்புவும் படுத்திருக்கிற கும்பஸ்ங்கற சமாதி நிக்குது, மாளிகை இல்ல. கோட்டைக்குள்ள இருந்த லால் மஹால் அரண்மனையும் அஸ்திவாரம்தான் மிச்சம்.

திப்பு நல்லவரா கெட்டவரான்னு சண்டை போடறவங்க போடுங்க, கமெண்ட்ல எனக்கு வேண்டாம் சாமி. எனக்கு வருத்தம் வேற. 2017ல ரயில் பாதைக்காக ஒரு பழைய வெடிமருந்துக் கிடங்கையே அலாக்கா நூறு மீட்டருக்கு மேல நகர்த்தி வச்ச ஊரு அது. அவ்வளவு தெரிஞ்சவங்க, புள்ளலூர் ஓவியத்துக்குப் பக்கத்துல எவன் யாருன்னு தமிழ்லயும் ஒரு போர்டு வைக்கக் கூடாதா? என் முன்னாடி நின்ன ஒரு பாட்டி பெய்லியைக் காட்டி "இவருதான் திப்புவா"ன்னு பேரன்கிட்ட கேட்டாங்க, அவனும் ஆமான்னுட்டான்.

அப்புறம், ஊட்டி போறவங்க செயின்ட் ஸ்டீபன்ஸ் சர்ச்சுக்குள்ள போனா அண்ணாந்து உத்தரத்தைப் பாருங்க. ஸ்ரீரங்கப்பட்டணத்துல இடிச்ச திப்பு அரண்மனை மரம் அது.