ஆமாம், முடிச்சூர்தான். அதனால் என்ன?

இன்னும் ஒரே ஒருவர் என்னிடம் "முடிச்சூரா? அங்க தண்ணி நிக்குமே?" என்று கேட்கட்டும், அப்புறம் நான் என்ன சொல்வேன் என்று எனக்கே தெரியாது. தாம்பரத்துக்குப் பக்கத்தில் இருக்கிற இந்த ஊரில் 2007-ல் வீடு கட்டிக் குடிவந்தோம். 2015 வரைக்கும் "அவ்வளவு தூரமா?" என்று கேட்டார்கள். 2015 டிசம்பர் வெள்ளத்துக்கு அப்புறம் "தண்ணி வருமே?" என்கிறார்கள். கேள்விதான் மாறியது, கேட்கிற முகம் அதேதான். மூக்கைச் சுருக்கி, தலையை ஒரு பக்கம் சாய்த்து, துக்கம் விசாரிக்க வந்தவர்கள் மாதிரி ஒரு முகம். வரதராஜபுரம், மண்ணிவாக்கம், ஊரப்பாக்கம், மாங்காடு, திருநின்றவூர் என்று எங்கே இருந்தாலும் உங்களுக்கும் அந்த முகம் பழக்கமாகத்தான் இருக்கும்.

நேற்று ராத்திரி மேற்கு மாம்பலத்தில் ஒரு ரிசப்ஷன். மேடையேறி மொய் கொடுத்துவிட்டுப் பந்தியில் உட்கார்ந்தேன். பக்கத்து இலையில் மாப்பிள்ளை வீட்டு உறவுக்கார அம்மா, அறுபத்தைந்து வயதிருக்கும், அரக்கு நிறப் பட்டு. இலையில் அல்வாவும் வெங்காயப் பச்சடியும்தான் விழுந்திருந்தன. "எங்கம்மா இருக்கீங்க?" என்றார். சொன்னேன். காதில் விழவில்லை. மறுபடி சொன்னேன். "எது?" என்றார். மூன்றாவது முறை கத்தினேன். எதிர் வரிசையில் இருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். அவர் கை அல்வாவிலேயே நின்றுவிட்டது.

"அய்யய்யோ, அங்கயா? படகுல போனாங்களே, டிவில காட்டினாங்களே!"

"அது 2015-லம்மா" என்றேன். நிதானமாகத்தான் சொன்னேன்.

சப்பாத்தி வந்தது. குருமா வந்தது. அவர் விடவில்லை. "ஒவ்வொரு மழைக்கும் வருமாமே?" வராதும்மா என்றேன். "இல்ல, எங்க மச்சினர் பையனோட ஆபீஸ்ல ஒருத்தர் சொன்னாராம்." எங்கள் தெருவில் தண்ணீர் நிற்கிறதா இல்லையா என்பது அங்கே படுத்துத் தூங்குகிற எனக்குத் தெரியாதாம், மச்சினர் பையனின் ஆபீஸில் இருக்கிறவருக்குத் தெரியுமாம்.

பிரிஞ்சி பரிமாறும்போது அடுத்தது. "செம்பரம்பாக்கம் திறந்தா முதல்ல நீங்கதானே மாட்டுவீங்க?"

இதற்குத்தான் எனக்கு ரத்தம் கொதிக்கிறது. சென்னையில் பாதிப் பேர் இதையே சொல்கிறார்கள். செம்பரம்பாக்கத்து உபரி நீர் அடையாற்றில் வந்து சேர்வது திருநீர்மலைப் பக்கத்தில். எங்கள் ஊர் அதற்கு மேலே இருக்கிறது. ஏரியை முழுசாகத் திறந்தாலும் அந்தத் தண்ணீர் கீழே ஓடுமே தவிர மேலே ஏறி முடிச்சூருக்கு வராது. எங்களுக்கு வந்த வெள்ளம் ஆதனூர், மண்ணிவாக்கம், மணிமங்கலம், ஒரத்தூர்ப் பக்கத்து ஏரிகள் நிரம்பி வழிந்து வந்தது. 2015 டிசம்பரில் ஒரே நாளில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை. 49! எந்த ஊரில் அவ்வளவு பெய்தாலும் தண்ணீர் நிற்கத்தான் நிற்கும். இதையெல்லாம் பந்தியில் உட்கார்ந்து ஒரு கையில் பிரிஞ்சியோடு விளக்கினேன். அவர் "ஓ" என்றார். அடுத்த வாய் எடுத்தார். "என்ன இருந்தாலும் செம்பரம்பாக்கம் பக்கம்தானே" என்றார்.

சாதம், சாம்பார். "வித்துட்டு இந்தப் பக்கம் வந்துடக்கூடாதாம்மா?" எந்தப் பக்கம் வருவது? மேற்கு மாம்பலத்திலா? அங்கே இரண்டு பெட்ரூம் ஃபிளாட் விலை என்ன என்று அவருக்குத் தெரியாதா?

ரசம் வந்தபோது எனக்கு அந்தப் பக்கம் இருந்த மருமகளிடம் என் தலைக்கு மேலே எட்டிச் சொன்னார்: "பாவம், முடிச்சூர்ல இருக்காங்களாம்."

பாவம். நான் என்ன பாவம் செய்தேன்? பேங்க்கில் கடன் வாங்கி, இருந்த நகையை வைத்து, மூன்று வருடம் கல்லும் மண்ணுமாக அலைந்து கட்டிய வீடு. அதில் இருப்பது பாவமா?

தயிர் சாதத்தில்தான் கடைசி அடி. பெண் இருக்கிறாளா என்று கேட்டார். இருக்கிறாள், வேலைக்குப் போகிறாள், வரன் பார்க்கிறோம் என்றேன். ஊறுகாயைத் தொட்டுக்கொண்டே, குரலைத் தாழ்த்தி, ஏதோ நல்லது சொல்கிற மாதிரி சொன்னார்: "நல்ல இடமா அமையணும்னா பயோடேட்டாவுல அட்ரஸை மட்டும் மாத்திப் போட்டுடுங்க. தாம்பரம்னு போடுங்க."

நான் கையை இலையிலிருந்து எடுத்துவிட்டேன். என் பெண் படித்த படிப்பு, அவள் சம்பளம், அவள் குணம் எல்லாவற்றுக்கும் மேலே ஏறி உட்கார்ந்துகொள்கிறதா ஒரு ஊரின் பெயர்? இன்னொன்று சொல்கிறேன், இதுதான் தாங்கவில்லை. பீடா வாங்கும்போது நான் கேட்டேன், நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று. நங்கநல்லூராம். "எங்க அப்பா மனை வாங்கினப்ப வெறும் வயல்தான். சுத்திலும் தவளைச் சத்தம். சொந்தக்காரங்க எல்லாம் சிரிச்சாங்க. இன்னைக்கு பாருங்க" என்று பெருமையாகச் சொன்னார். அந்தச் சொந்தக்காரர்கள் எப்படிச் சிரித்தார்களோ அப்படித்தான் தானும் இப்போது சிரிக்கிறோம் என்று அவருக்கு ஒரு நொடிகூடத் தோன்றவில்லை.

நான் ஒன்றும் மறைக்கவில்லை. எங்கள் கூடத்துச் சுவரில் ஸ்விட்ச் போர்டுக்கு ஒரு சாண் கீழே ஒரு கோடு இருக்கிறது. மூன்று தரம் பெயிண்ட் அடித்தாகிவிட்டது. சாயங்கால வெயில் சாய்வாக விழும்போது இன்னும் தெரியும். 2015 டிசம்பரில் தண்ணீர் நின்ற உயரம் அது. மரப் பீரோவின் அடிப்பலகை ஊதிப்போய் இன்றைக்கும் கதவு சாத்தாது. கல்யாண ஆல்பத்தில் பக்கத்தோடு பக்கம் ஒட்டிக்கொண்டது, பிரித்தால் எங்கள் இரண்டு பேர் முகமும் உரிந்து வந்துவிடும். அதனால் பிரிக்காமலே வைத்திருக்கிறேன்.

ஆனால் அந்த இரண்டு நாள் மாடி வீட்டில் பதினோரு பேர் இருந்தோம். மார்பளவுத் தண்ணீரில் அரிசி மூட்டையைத் தலையில் வைத்துக் கொண்டுவந்தவர் மூன்று தெரு தள்ளியிருக்கிற பெயிண்டர். அதுவரை அவர் பெயர்கூட எனக்குத் தெரியாது. ஒரே சிலிண்டர், ஒரே குக்கர். முதலில் குழந்தைகள், அப்புறம் வயசானவர்கள், அப்புறம் மற்றவர்கள். யாரும் யாரையும் என்ன ஆளுங்க என்று கேட்கவில்லை. இது டிவியில் வரவில்லை. ஒவ்வொரு மழைக்கும் மைக்கோடு வந்து, ஊரிலேயே தாழ்வான அந்த ஒரு தெருமுனையைத் தேடிப் பிடித்து நிற்கிறார்களே, அவர்கள் பத்தடி மேலே நடந்து வந்தால் காய்ந்த ரோடு இருக்கும். அதைக் காட்டமாட்டார்கள்.

அதே வெள்ளத்தில் அதே அடையாறு கோட்டூர்புரத்துக்குள் புகுந்ததே. கோட்டூர்புரத்தில் இருக்கிறேன் என்று சொல்கிறவரிடம் யாராவது "படகு வச்சிருக்கீங்களா?" என்று கேட்கிறார்களா? 2023-ல் மிக்ஜாம் புயலில் வேளச்சேரியும் பள்ளிக்கரணையும் எத்தனை நாள் தண்ணீரில் கிடந்தன? எங்கள் பக்கமும் தாழ்வான தெருக்களில் நின்றது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் வேளச்சேரியில் வாடகை குறைந்ததா? எங்களுக்கு மட்டும் ஐப்பசி பிறந்தால் வீடு பார்க்க ஓர் ஆள் வருவதில்லை. ஏரிக்கும் ஆற்றுக்கும் நடுவே மனை பிரித்து விற்றது நாங்களா? அதற்குக் கையெழுத்துப் போட்டது நாங்களா? கையில் இருந்த காசுக்கு எங்கே கிடைத்ததோ அங்கே வாங்கினோம். விற்றவன் நல்ல ஏரியாவில் பங்களா கட்டிக்கொண்டு போய்விட்டான். கெட்ட பெயர் மட்டும் எங்களுக்கு.

சரி, மண்டபத்தை விட்டு வெளியே வந்தாலாவது நிம்மதியா? மணி ஒன்பதரை. போனில் வண்டி போட்டேன். முதல் டிரைவர் "டிராப் எங்க மேடம்?" என்றார், சொன்னேன், பேச்சே இல்லை, கட். இரண்டாவது ஆள் "அவுட்டர் மேடம், ரிட்டர்ன் கிடைக்காது" என்றார். மூன்றாவது ஆள் நூறு ரூபாய் கூடக் கேட்டார், சரி என்றேன். மேப்பில் அந்தக் குட்டிக் கார் ஒரே இடத்தில் நின்றது. ஐந்து நிமிடம். பத்து நிமிடம். அப்புறம் அதுவும் கேன்சல். அவர் பாட்டுக்கு டீ குடித்துக்கொண்டிருந்திருப்பார்.

அவுட்டராம்! வண்டலூரிலிருந்து மீஞ்சூர் வரைக்கும் 62 கி.மீ. வெளிவட்டச் சாலை எங்கள் ஊர் வழியாகப் போகிறது. 2023 கடைசியில் கிளாம்பாக்கத்தில் பஸ் நிலையம் திறந்தார்கள், தென் மாவட்டத்து பஸ்ஸெல்லாம் அங்கிருந்துதான். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் ஊருக்குப் போகிற உறவுக்காரர்கள் "உங்க வீட்டுல ராத்தங்கிட்டுக் காலைல பஸ் ஏறிக்கிறோம்" என்று போன் பண்ணுகிறார்கள். பையும் குழந்தையுமாக வந்து இறங்குகிறார்கள். அன்றைக்கு மட்டும் முடிச்சூர் தூரமில்லை, தண்ணீரும் இல்லை.

கடைசியில் மாம்பலம் ஸ்டேஷனுக்கு நடந்து, லோக்கல் பிடித்து, பட்டுப்புடவையோடு நின்றுகொண்டே தாம்பரம் வந்து, மேற்குப் பக்கம் இறங்கினேன். ஷேர் ஆட்டோக்காரர் ஒருவர் "முடிச்சூர், முடிச்சூர், மண்ணிவாக்கம்!" என்று கூவிக்கொண்டிருந்தார். முகம் சுளிக்காமல் எங்கள் ஊர்ப் பெயரை அன்றைக்குச் சொன்ன முதல் ஆள் அவர்தான். என்ன வேண்டுமானாலும் சொல்லுங்கள், எனக்குக் கண் கலங்கிவிட்டது.

எங்கள் ஊரில் குறையே இல்லை என்று நான் சொன்னேனா? எங்கள் தெருவுக்கு இன்னும் பாதாள சாக்கடை இல்லை. செப்டிக் டேங்க் லாரிக்குப் போன் பண்ணினால் இரண்டு நாள் கழித்து வருகிறான். 2021-ல் தாம்பரத்தை மாநகராட்சி ஆக்கியபோது பெருங்களத்தூர், பீர்க்கன்காரணை, சிட்லபாக்கம் எல்லாம் உள்ளே போயின, எங்களைப் பஞ்சாயத்தாகவே விட்டுவிட்டார்கள். குப்பை, தெருவிளக்கு, நாய் என்று நான் எழுத ஆரம்பித்தால் விடிந்துவிடும். ஆனால் இதைச் சொல்ல எனக்கு உரிமை இருக்கிறது. வருடா வருடம் கிராம சபையில் நின்று கத்துகிறவள் நான். ஒரு நாள்கூட எங்கள் ஊர் மண்ணை மிதிக்காதவர்கள் பந்தியில் உட்கார்ந்து சாம்பார் சாதத்துக்குத் தொட்டுக்கொள்ள எங்கள் ஊர்தானா கிடைத்தது? என் பெண்ணின் பயோடேட்டாவை ராத்திரியே எடுத்துப் பார்த்தேன். தாம்பரம் என்றுதான் இருந்தது, ஏற்கெனவே என் வீட்டுக்காரர் அப்படிப் போட்டிருக்கிறார். அவரோடு இன்னும் பேசவில்லை. அதைத் திருத்தி முடிச்சூர் என்று போட்டுவிட்டேன். அந்தப் பெயரைப் பார்த்து வேண்டாம் என்கிற வீட்டில் என் பெண் வாழ வேண்டாம்.

அப்புறம் ரிசப்ஷனில் வைத்த அந்த லைட் மியூசிக்! யார் கேட்டார்கள் அதை? மனுஷர்கள் சாப்பிடுகிற இடத்துக்குள் நான்கு ஸ்பீக்கர் வைத்து, நெஞ்சு அதிர அதிர அடித்தால் யாரோடு என்ன பேசுவது? மெதுவாக வைத்திருந்தால் நான் ஊர்ப் பெயரை ஒரே தடவை சொல்லியிருப்பேன், பந்தியே திரும்பிப் பார்த்திருக்காது. கல்யாணப் பெண்ணின் பாட்டி, எண்பது வயசிருக்கும், முன்வரிசையில் இரண்டு காதையும் முந்தானையால் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பேத்தி கல்யாணத்தில் அவர் காதில் விழுந்தது அந்த டிரம்ஸ் ஒன்றுதான்.