உறுப்பினர் அட்டை உரிமம் ஆகாது

"ஹாம் ரேடியோ கிளப்பில் சந்தா கட்டிச் சேர்ந்தால் போதும், வாக்கிடாக்கி வாங்கிப் பேச ஆரம்பிக்கலாம்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அப்படி இல்லை. ஹாம் ரேடியோ என்பது தனிநபர்கள் ஆர்வத்துக்காகத் தங்கள் வானொலிக் கருவியில் ஒருவரோடொருவர் பேசுவது. கிளப் உங்களுக்குச் சொல்லித்தரும், உரிமம் தராது. இந்தியாவில் அது மத்திய தொலைத்தொடர்புத் துறையிடமிருந்துதான் வர வேண்டும். 12 வயது முடிந்திருந்தால் அதற்கான தேர்வு எழுதலாம். கீழ்நிலை உரிமத்துக்கு மோர்ஸ் (புள்ளி, கோடு ஒலிகளால் எழுத்துகளை அனுப்பும் முறை) தேவையில்லை, அதனால் பயப்படவும் வேண்டாம். உரிமத்தோடு அழைப்புக்குறி, அதாவது உங்கள் நிலையத்தை அடையாளம் காட்டும் எழுத்தும் எண்ணும் சேர்ந்த பெயர், வரும். அதைச் சொல்லாமல் அலைவரிசையில் பேசக்கூடாது.

"பேரிடர் வந்தால் விதியெல்லாம் யார் பார்ப்பார்கள்?" என்றும் கேட்டிருந்தார். 2004 டிசம்பரில் ஹாம் ஆர்வலர் பாரதி பிரசாத்தின் குழு அந்தமானின் போர்ட் பிளேரில் ஹாம் நிலையம் நடத்திக்கொண்டிருந்தது, முறையான சிறப்பு அனுமதியோடு. 26ஆம் தேதி சுனாமியில் தொலைபேசி அறுந்ததும், தீவில் சிக்கியவர்களின் செய்திகளைப் பல நாட்கள் கடத்திக்கொடுத்தார்கள். கருவி, ஆன்டெனா, பேசிப் பழகிய நாக்கு எல்லாம் முன்பே தயாராக இருந்ததால்தான் அது முடிந்தது. அன்றைக்குப் பெட்டியைப் பிரித்துப் படித்தவர்கள் அல்ல!

அப்புறம், இந்தச் சேவைக்குக் காசு வாங்கவும் கூடாது. டாக்ஸி கம்பெனி போன்ற தொழிலுக்கு இதைப் பயன்படுத்தும் யோசனை இருந்தால் விட்டுவிடுங்கள். கிளப்புக்குப் போங்கள், ஆனால் தேர்வுக்குப் படிக்கப் போங்கள்.