வக்கீல்கள் வெப்சைட் வைக்கத் தடையா? இல்லை

"சென்னை உயர் நீதிமன்றம் தடை போட்டுவிட்டது, இனி எந்த வக்கீலும் வெப்சைட் வைக்கக் கூடாது" என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. தவறு. இதை நம்பி ஜூனியர்கள் பக்கத்தையே அழித்துவிடக் கூடாதே என்றுதான் எழுதுகிறேன்.

2024 ஜூலையில் வந்த அந்தத் தீர்ப்பு கைவைத்தது விளம்பரத்தில். ஜஸ்ட் டயல், சுலேகா, குயிக்கர் போன்ற தளங்களில் வக்கீல்களுக்கு ஸ்டார் ரேட்டிங் போட்டு, வாடகைக் கார் மாதிரி ஆள் பிடித்துக் கொடுப்பது கூடாது. அப்படி விளம்பரம் செய்யும் வக்கீல்கள் மீது ஒழுங்கு நடவடிக்கை எடுக்க, வக்கீல்களை நெறிப்படுத்தும் அமைப்பான பார் கவுன்சில் உத்தரவிட வேண்டும் என்றது. விளம்பரத் தடை புதிதும் இல்லை, இந்திய பார் கவுன்சில் விதி 36 வெகுகாலமாகச் சொல்வதுதான்.

சரி, வெப்சைட்? அந்த விதி 36-இல் 2008-இல் வந்த திருத்தத்திலிருந்தே அனுமதி உண்டு. பெயர், முகவரி, போன், மின்னஞ்சல், பதிவு எண், படிப்பு, எந்தத் துறையில் வழக்கு நடத்துகிறீர்கள் என்பது, இவ்வளவும் போடலாம். "நூறு சதவீத வெற்றி", கட்சிக்காரர் பாராட்டு இதெல்லாம் அந்தப் பட்டியலில் இல்லை. வாசல் பெயர்ப்பலகையில் 'முன்னாள் நீதிபதி' என்று போடக்கூட அதே விதி இடம் தராது.