பார்க்காத படத்துக்கு ஏன் மதிப்பெண் போடுகிறீர்கள்?

படம் பார்த்துவிட்டு வருகிறவரிடம் நான் கேட்பதெல்லாம் அது எப்படிப்பட்ட படம் என்பதைத்தான். எனக்குக் கிடைக்கும் பதிலோ "பத்துக்கு ஆறு" என்ற ஓர் எண். மீதி நான்கு எதற்குக் குறைந்தது என்று கேட்டால் "கொஞ்சம் லேக்" என்பார்கள். எங்கே லேக் என்று கேட்டால் "செகண்ட் ஹாஃப்" என்பார்கள். இரண்டாம் பாதியில் எந்தக் காட்சி என்று கேட்டுவிட்டால் போதும், "ஏன் இவ்ளோ நோண்டுற, பாக்கணும்னா பாரு, இல்லன்னா விடு" என்று எரிந்து விழுகிறார்கள். இரண்டரை மணி நேரம் ஒரு கதைக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டு வந்தவருக்கு அதைப் பற்றிச் சொந்தமாக இரண்டு வாக்கியம் சொல்ல வரவில்லை, மதிப்பெண் போட மட்டும் கை நீள்கிறது என்றால், அவர் உண்மையில் பார்த்தது என்ன என்ற கேள்வி எனக்கு ஆத்திரத்தோடுதான் எழுகிறது.

வெள்ளிக்கிழமை காலையில் நடப்பதையே எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் பெரிய நடிகர்களின் படங்களுக்கு நடந்துவந்த அதிகாலைக் காட்சிகள் 2023-இல் நின்றுபோயின. முதல் காட்சி ஒன்பது மணிக்கு என்று ஆகிவிட்டது. கேரளத்திலும் பெங்களூருவிலும் அதற்கு முன்பே காட்சிகள் தொடங்கிவிடுவதால், சென்னையில் பெயர் போடும் நேரத்துக்கெல்லாம் "முதல் பாதி தீ, இரண்டாம் பாதி சுமார்" என்ற தீர்ப்பு எல்லோருடைய கைப்பேசியிலும் வந்து இறங்கியிருக்கிறது. அதைப் படித்துவிட்டு உள்ளே போகிறவர், இடைவேளை வரை விசிலடித்து, இடைவேளைக்குப் பின் சலித்துக்கொண்டு, வெளியே வந்து அதே வாக்கியத்தைத் தன் கருத்தாக ஒப்பிக்கிறார். வாசலில் மைக்கை நீட்டுகிறவர்களுக்கும் அதுதான் தேவை. "ஒரே வார்த்தையில படம் எப்படி?", "எத்தனை ஸ்டார் குடுப்பீங்க?" என்பதற்கு மேல் அவர்களிடம் மூன்றாவது கேள்வி கிடையாது. கண்களைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்த ஒரு முதியவர், படத்தில் வரும் தகப்பனைப் பற்றி ஏதோ சொல்ல வாயெடுத்தபோது, அந்த மைக் அவரை விட்டு அடுத்து நின்ற இளைஞர்களின் கூச்சலுக்கு நகர்ந்துவிட்டதை நான் நேரிலேயே பார்த்திருக்கிறேன். அன்று அந்த வாசலில் நான் கேட்க விரும்பிய ஒரே கருத்து அந்தப் பெரியவருடையது.

உள்ளே நடப்பது இதைவிட மோசம். அண்மையில் ஒரு படத்துக்குப் போயிருந்தபோது, எனக்கு முன்வரிசையில் இருந்தவர் படம் தொடங்கிய சிறிது நேரத்திலேயே கைப்பேசியை எடுத்துவிட்டார். திரை வெளிச்சத்தைக் குறைக்கவேண்டும் என்றுகூட அவருக்குத் தோன்றவில்லை. பாட்டு வந்தால் வாட்ஸ்அப், வசனம் நீண்டால் ரீல்ஸ், சண்டை வந்தால் மட்டும் நிமிர்ந்து பார்த்து அதையும் பதிவுசெய்து ஸ்டேட்டஸில் ஏற்றினார். கதையின் முடிச்சு விழுகிற இடத்தில், அதாவது அண்ணன் எதற்காக ஊரை விட்டுப் போனான் என்பது ஒரே ஒரு பார்வையில் புரிகிற இடத்தில், அவர் பாப்கார்னுக்கு யார் பணம் அனுப்புவது என்று குழுவில் விவாதித்துக்கொண்டிருந்தார். இடைவேளை விளக்கு எரிந்ததும் அவர் தட்டச்சு செய்தது என் கண்ணில் பட்டது: "ஆவரேஜ். கதை கனெக்ட் ஆகல." கதையோடு ஒட்டுவதற்கு அவர் எந்தக் கணத்தில் இடம் கொடுத்தார்? அந்தக் காட்சியை எழுதியவர் அதை எத்தனை முறை திருத்தியிருப்பார், படத்தொகுப்பாளர் அந்தப் பார்வை இன்னும் அரை நொடி நீளவேண்டுமா என்று எத்தனை இரவுகள் உட்கார்ந்திருப்பார் என்றெல்லாம் யோசிக்கச் சொல்லவில்லை. குனிந்திருந்த தலையை நிமிர்த்தியாவது பார்த்துவிட்டு எழுதுங்கள் என்கிறேன்.

நான்கு வாரங்களில் படம் ஓடிடிக்கு வந்துவிடுகிறது. அங்கே இரண்டாவது சுற்று. பேருந்தில் பாதி, சாப்பிடும்போது கால்வாசி, தூக்கம் வரும்வரை மீதி என்று மூன்று துண்டாக, உள்ளங்கை அகலத் திரையில், ஒன்றரை மடங்கு வேகத்தில், பாடல்களை எல்லாம் தள்ளிவிட்டுப் பார்க்கிறவர், "இதுக்கா தியேட்டர்ல கை தட்டினாங்க?" என்று எழுதுகிறார். அவரே அடுத்த வரியில் படம் மெதுவாகப் போகிறது என்றும் எழுதுகிறார். இரவுக் காட்சியின் இருட்டு, ஜன்னல் வெளிச்சம் விழும் கைப்பேசியில் தெரியாது. நடிகர் மூச்சு விடுகிற ஓசை இரைச்சலான பேருந்தில் கேட்காது. அப்படிப் பார்ப்பது அவரவர் வசதி, அவரவர் நேரம், அதில் தலையிட எனக்கு உரிமை இல்லை. ஆனால் எப்படிப் பார்த்தேன் என்பதை மறைத்துவிட்டு "ஒளிப்பதிவு சுமார், 2.5/5" என்று எழுதுவது படிக்கிறவரை ஏமாற்றுவது.

இந்த எண்களை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? ஞாயிற்றுக்கிழமை அம்மாவை ஒரு படத்துக்கு அழைத்துப் போகவேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவருக்கு முழங்கால் வலி. இரண்டே முக்கால் மணி நேரம் என்றால் முன்கூட்டியே தெரியவேண்டும். ரத்தத்தைப் பார்த்தால் இரவு தூக்கம் வராது. காது சற்று மந்தம். பின்னணி இசை வசனத்தை விழுங்கும் படமென்றால் பாதிக் கதையை நான் காதுக்குள் சொல்லிக்கொண்டே இருக்கவேண்டும். கூடவே அக்காவின் எட்டு வயதுப் பெண்ணும் வருவாள். தணிக்கைச் சான்றிதழே இப்போது யுஏ 7+, 13+, 16+ என்று வயது பிரித்துச் சொல்கிறது, ஆனால் நூற்றுக்கணக்கான பார்வையாளர் கருத்துகளைப் புரட்டினாலும் பிள்ளைகளோடு பார்க்கலாமா என்று ஒருவர்கூட எழுதியிருக்கமாட்டார். "ஒன் டைம் வாட்ச்", "டீசன்ட்", "மொக்கை", "கூஸ்பம்ப்ஸ்", கூடவே மூன்று தீ எமோஜிகள். நுழைவுச்சீட்டு, முன்பதிவுக் கட்டணம், வண்டி நிறுத்தும் கட்டணம், இடைவேளைச் செலவு என்று ஒரு நடுத்தரக் குடும்பம் யோசித்து எடுக்கவேண்டிய தொகையாகச் சினிமா மாறிவிட்ட காலத்தில், இவற்றில் எந்தச் சொல் எனக்கு உதவும்?

எண் என்றாலே தவறு என்று நான் சொல்லவில்லை. ஆனந்த விகடன் விமர்சனக் குழு நூற்றுக்குப் போட்ட மதிப்பெண்ணுக்காக ஒரு தலைமுறையே காத்திருந்தது. 1977-இல் '16 வயதினிலே' பெற்ற 62.5 இன்றைக்கும் பேசப்படுகிறது. நாற்பதைத் தாண்டினாலே நல்ல படம் என்று வாசகர்கள் புரிந்துகொண்டார்கள், ஏனென்றால் அந்த எண்ணுக்கு முன்னால் ஒரு பக்கத்துக்குக் காரணங்கள் இருந்தன, பல ஆண்டுகளாக ஒரே அளவுகோல் இருந்தது. இன்று ஒருவருடைய ஏழு இன்னொருவருடைய நான்கு. பார்வையாளர்கள் படங்களுக்குப் பத்துக்கு மதிப்பெண் போடும் ஐஎம்டிபி தளத்தில் பெரிய நடிகரின் படம் ஒன்றைத் திறந்து மதிப்பெண்கள் பிரிந்து கிடக்கும் விதத்தைப் பாருங்கள்: பத்தில் ஒரு நீண்ட பட்டை, ஒன்றில் இன்னொரு நீண்ட பட்டை, நடுவில் மெலிந்த கோடுகள். பத்து போட்டவர் அந்த நடிகரின் ரசிகர், ஒன்று போட்டவர் எதிர் நடிகரின் ரசிகர். வெறும் சராசரி அல்லாமல், எல்லா வாக்குக்கும் ஒரே மதிப்புத் தராத எடையிட்ட சராசரியைத்தான் அந்தத் தளம் காட்டுகிறது, கணக்கிடும் முறையை முழுதாக வெளியிடுவதும் இல்லை. இத்தனைக்கும் பிறகு திரையில் தோன்றும் 6.3 யாருடைய கருத்து? எத்தனை சதவீத விமர்சகர்களுக்குப் படம் பிடித்தது என்று காட்டும் ராட்டன் டொமேட்டோஸ் தளத்தின் 90 சதவீதத்தை நூற்றுக்குத் தொண்ணூறு மதிப்பெண் என்று நினைத்து அடித்துச் சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். பத்து விமர்சகர்களில் ஒன்பது பேர் "பரவாயில்லை" என்று மட்டும் சொல்லியிருந்தாலும் அங்கே 90 வந்துவிடும் என்பதைத் தெரிந்துகொள்ள அவர்களுக்குப் பொறுமை இல்லை.

தடை போட்டு இதைச் சரிசெய்யலாம் என்று தயாரிப்பாளர்கள் நினைத்தபோது நான் அவர்கள் பக்கம் நிற்கவில்லை. 2024 நவம்பரில், திரையரங்க வளாகத்தில் யூடியூப் சேனல்களை அனுமதிக்கவேண்டாம் என்ற கோரிக்கை எழுந்தது; வெளியான முதல் மூன்று நாள்களுக்கு விமர்சனங்களைத் தடுக்கவேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்கும் போனது. டிசம்பரில் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதிக்க மறுத்தது சரியான முடிவு. காசு கொடுத்துப் பார்த்தவன் வாயைப் பொத்த எவருக்கும் உரிமை கிடையாது. அந்த உரிமையை நீதிமன்றமே காப்பாற்றித் தந்த பிறகும், அதை வைத்துக்கொண்டு ஒற்றைச் சொல்லையும் ஒற்றை எண்ணையும் துப்பிவிட்டுப் போகிறோமே என்பதுதான் என் வயிற்றெரிச்சல்.

பெரிய படங்கள் இதைத் தாங்கிக்கொள்ளும். முதல் மூன்று நாள் வசூல் முன்பதிவிலேயே வந்துவிடும். அடிவாங்குவது சின்னப் படங்கள்தான். புதிய இயக்குநர், தெரியாத முகங்கள், நகரத்துக்குப் பத்துப் பன்னிரண்டு காட்சிகள். சனிக்கிழமை காலைக்குள் "லேக்" என்று நாலு பேர் எழுதிவிட்டால், திங்கட்கிழமை அந்தப் படம் யாரும் போகமுடியாத பகல் காட்சி ஒன்றுக்குச் சுருங்கிவிடும். 2003 பொங்கலுக்கு வந்த 'அன்பே சிவம்' அப்போது ஓடவில்லை. 2011-இல் வந்த 'ஆரண்ய காண்டம்' இரண்டு தேசிய விருதுகள் பெற்றும் திரையரங்கில் கூட்டம் சேர்க்கவில்லை. இன்று அவற்றைத் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடுகிறோம். அந்தக் கொண்டாட்டத்தால் அன்றைக்குக் காலியாகக் கிடந்த இருக்கைகள் நிறையப் போவதில்லை. இன்று வருகிற படங்களுக்கும் அதே அநியாயத்தை, அப்போதைவிடப் பன்மடங்கு வேகத்தில் செய்துகொண்டிருக்கிறோம்.

எங்கள் குடியிருப்பின் மேல்மாடியில் இருக்கும் அக்கா ஒருவர் படம் பார்த்துவிட்டு வந்தால் மாடிப்படியிலேயே நின்று சொல்வார். "முதல் ஒரு மணி நேரம் நிதானமாத்தான் போகும், பொறுத்துக்கோங்க. ஆஸ்பத்திரி சீன் ரொம்ப நீளம், சமீபத்துல வீட்ல யாரையாவது இழந்தவங்க இப்ப போகவேண்டாம். மாமியாரா வர்ற அம்மா ஒரு இடத்துல பேசாமலே தட்டைக் கழுவுவாங்க பாருங்க, எனக்கு அங்கதான் அழுகை வந்துச்சு. கிளைமாக்ஸ் எனக்குப் பிடிக்கல, ஆனா எங்க வீட்டுக்காரருக்கு அதுதான் பிடிச்சுது." அவர் எண் எதுவும் சொல்வதில்லை, முடிவையும் உடைப்பதில்லை. ஆனால் அந்தப் படத்துக்கு நான் போகலாமா, யாரோடு போகலாம், எந்த மனநிலையில் போகலாம் என்பது எனக்குத் தெளிவாகிவிடுகிறது. இதற்குத் திரைப்படக் கல்வியோ தொழில்நுட்ப அறிவோ தேவைப்படவில்லை. அவர் படத்தைப் பார்த்தார், தனக்கு என்ன நடந்தது என்று சொன்னார், அவ்வளவுதான்.

செயலிகளை நடத்துகிறவர்களிடமும் எனக்கு ஒரு கோரிக்கை உண்டு. பல இடங்களில் நட்சத்திரத்தைத் தொடாமல் கருத்து எழுதவே முடிவதில்லை, எழுதுகிற பெட்டியை மட்டும் காலியாக விட்டுவிட்டுப் போகலாம். அதை மாற்றிப் போடுங்கள். எந்தக் காட்சி பிடித்தது, யாரோடு பார்த்தீர்கள், திரையரங்கிலா கைப்பேசியிலா, முழுதாகப் பார்த்தீர்களா என்று முதலில் கேளுங்கள். அதற்குப் பதில் எழுதியவருக்கு மட்டும் நட்சத்திரத்தைத் திறந்துவிடுங்கள். குறைந்தபட்சம் பாதியில் எழுந்து போனவரின் மதிப்பெண்ணும் கடைசி வரை உட்கார்ந்திருந்தவரின் மதிப்பெண்ணும் ஒரே சராசரிக்குள் போய் விழாமலாவது இருக்கும்.